பாக்டீரியாவின் கடிகாரத்தில் ஒன்பது மாதம்: ஆஸ்திரேலியாவில் நுண்ணுயிரியல் ஹானர்ஸ் ஆண்டு

"மூணு வருஷம் படிச்சு டிகிரியும் வாங்கியாச்சு, அப்புறம் எதுக்கு இன்னொரு வருஷம்?" என்று சித்தி ஊரிலிருந்து போனில் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ஹானர்ஸ் சித்தி" என்றேன். "பி.எஸ்சி. ஹானர்ஸ்னு இங்கயே இருக்கே" என்றார். அவர் சொன்னதும் சரிதான். இந்த ஒரு சொல்லை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். மெல்பர்னில் நுண்ணுயிரியலில் அந்த வருடத்தைச் செய்து முடித்தவள் என்ற முறையில், அது என்ன, அதில் என்ன நடக்கும், சேருமுன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஹானர்ஸ் பெரும்பாலும் மூன்று வருடப் பட்டத்துக்குள்ளேயே அடங்கியது. அதற்கென்று தனி வருடம் கிடையாது. இலங்கையில் முன்பு 'ஸ்பெஷல் டிகிரி' என்று சொல்லிவந்த நான்கு வருடப் பட்டத்துக்கு இப்போது ஹானர்ஸ் என்று பெயர். இந்தியாவில் டெல்லி போன்ற பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை முதன்மையாக எடுத்துப் படிக்கும் மூன்று வருடப் பட்டத்தை நெடுங்காலம் அப்படி அழைத்தார்கள். பிறகு 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பில், முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வு செய்யலாம் என்று ஒரு வழி வந்தது. ஆஸ்திரேலிய முறை இந்தக் கடைசி வகைக்குத்தான் நெருக்கம். அங்கே மூன்று வருட பி.எஸ்சி.யை முடித்து, பட்டத்தையும் கையில் வாங்கிவிட்டு, விருப்பப்பட்டவர்கள் மட்டும் தனியாக விண்ணப்பித்துச் சேரும் நான்காவது வருடம் அது. (தொடக்கத்திலிருந்தே நான்கு வருடமாக அமைத்த பட்டங்களும் சில உண்டு.) அந்த நாட்டின் தகுதி வரிசையில் பி.எஸ்சி. 7ஆம் நிலை, ஹானர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் பட்டம் 10. நன்றாகச் செய்தால் 8ஆம் நிலையிலிருந்து நேராக 10க்குப் போகலாம். எம்.எஸ்சி. படிக்காமலே பிஎச்.டி.யில் சேர்ந்தவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம் என்பதற்கு இதுதான் காரணம்.

பெரும்பாலானோர் பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ முடிப்பார்கள். ஜூலையில் தொடங்கும் வாய்ப்பும் பல இடங்களில் உண்டு. கொஞ்சம் வகுப்புகள் இருக்கும். மற்றபடி ஒரு ஆய்வகம், ஒரு வழிகாட்டி, ஒரே ஒரு கேள்வி. பி.எஸ்சி.யில் செய்முறை வகுப்பு என்றால் விடை தெரிந்த சோதனைதான். பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயம் ஏற்றினால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஊதாவாகத் தெரியும், இ. கோலி இளஞ்சிவப்பாகத் தெரியும். தெரியாவிட்டால் எங்கோ நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள். ஹானர்ஸில், கிருமி வளர்க்கும் உங்கள் தட்டில் நாளைக் காலை என்ன வரும் என்று வழிகாட்டிக்கே தெரியாது. எனக்கு அது பயமாகவும் இருந்தது, அதே அளவு பிடித்தும் இருந்தது. அந்த வழிகாட்டியைப் பேராசிரியர் என்றாலும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். 'சார்', 'மேடம்' என்றே வளர்ந்த நாக்குக்கு அது பழக ஒரு மாதம் ஆகும்.

இந்த வருடத்தைப் பற்றி எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பது ஒரு விஷயத்தைத்தான். ஒன்பது மாதம் என்பதை நாள்காட்டியில் எண்ணக் கூடாது. நீங்கள் வளர்க்கப்போகும் கிருமி எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை இரண்டாகிறது என்பதை வைத்து எண்ண வேண்டும்.

நம் வீட்டு மாவை நினைத்துப் பாருங்கள். சென்னையில் ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி வழியும். மெல்பர்ன் ஜூலையில் அதே அரிசி, அதே உளுந்து, அதே கை, காலையில் திறந்தால் அரைத்து வைத்தபடியே கிடக்கும். மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் சாகவில்லை. குளிரில் அவற்றின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. ஆய்வகத்தில் 37 டிகிரி வெப்பமும் நல்ல வளர்ப்பூடகமும் (கிருமிக்கான சத்துக் கலவை) கொடுத்தால் இ. கோலி ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். அதே வேகத்தில் போனால் 8 மணி நேரத்தில் 24 தடவை இரட்டித்து, ஒரு செல் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். சாயங்காலம் தட்டில் இழுத்துவிட்டுப் போனால் காலையில் காலனி, அதாவது ஒரு செல்லிலிருந்து பெருகிய கூட்டம், புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். காசநோய்க் கிருமியோ ஒரு தடவை இரண்டாவதற்கே முக்கால் நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதன் காலனி தட்டில் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும்.

இப்போது கணக்குப் போடுங்கள். பிப்ரவரியும் மார்ச்சும் பாதுகாப்புப் பயிற்சி, முந்தைய ஆய்வுகளைப் படித்து எழுதுவது, கருவிகளைக் கையாளப் பழகுவது என்று போய்விடும். செப்டம்பர் பாதிக்கு மேல் எழுத்து வேலை. நடுவில் உண்மையாகச் சோதனை செய்யக் கிடைப்பது சுமார் 24 வாரம். கிருமி ராத்திரியோடு வளர்ந்துவிடும் வகை என்றால், ஒரு சோதனை கெட்டுப்போனாலும் அடுத்த வாரமே திரும்பச் செய்யலாம். காசநோய்க் கிருமி என்றால் 24 வாரத்தில் ஆறு தடவைதான் தட்டைப் பார்க்க முடியும். அதற்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு ஆய்வகமும் வேண்டும். அதனால்தான் அந்தத் துறையில் மாணவர்களிடம் முதலில் அதன் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸைக் கொடுப்பது வழக்கம். அது சுமார் மூன்று மணி நேரத்தில் இரண்டாகும், இரண்டு மூன்று நாளில் காலனி கொடுக்கும், பொதுவாக நோயும் தராது.

கிருமியின் கடிகாரத்தை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவிலேயே ஒரு பெரிய கதை உண்டு. பெர்த்தில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், இரைப்பைத் திசுத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாவை 1979லிருந்தே பார்த்துவந்தார். 1981இல் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்து, அதை வளர்க்க முயன்றார். நோயாளி மாற்றி நோயாளி, தட்டில் ஒன்றும் வரவில்லை. அப்போதைய வழக்கப்படி 48 மணி நேரம் பார்த்துவிட்டு, வளரவில்லை என்று தட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் சில தட்டுகளை எடுக்க ஆளில்லாமல் இன்குபேட்டரிலேயே கிடந்தன. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் காலனிகள். இன்று நாம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அழைக்கும் கிருமி அதுதான். வயிற்றுப் புண்ணுக்கு அதுவே முக்கியக் காரணம் என்று காட்டியதற்காக இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையை எல்லோரும் அதிர்ஷ்டத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. அத்தனை வெற்றுத் தட்டுகளைப் பார்த்த பிறகும் மறுபடியும் தட்டு போட்ட கை அங்கே இருந்தது. அந்த விடுமுறைக்குப் பின் தட்டைத் திறந்து பார்த்த கண்ணும் இருந்தது.

சரி, எந்த ஆய்வகத்தில் சேர்வது? முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தே துறைகள் ஆய்வுத் தலைப்புகளின் பட்டியலை வெளியிடும். தலைப்பின் கவர்ச்சியைப் பார்த்து மயங்க வேண்டாம். நாலைந்து வழிகாட்டிகளுக்கு எழுதி நேரில் பாருங்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பெஞ்சில் எனக்குத் தினமும் கற்றுத்தரப்போவது யார்? (பேராசிரியராக இருக்க மாட்டார், பிஎச்.டி. முடித்த ஆய்வாளரோ மூத்த மாணவரோ இருப்பார். அவரோடு ஒத்துப்போவதுதான் உங்கள் வருடத்தைத் தீர்மானிக்கும்.) முதல் முடிவு எந்த மாதம் வரும்? இந்தத் திட்டத்துக்கு வேண்டிய கிருமி வகைகள் ஃப்ரீசரில் ஏற்கெனவே இருக்கின்றனவா?

மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். என் அனுபவத்தில் அதுதான் பெரியது. ஒரு ஜீனை நீக்கிய பாக்டீரியாவைப் புதிதாக உருவாக்குவது சில வகைகளில் இரண்டு வாரத்தில் முடியும், சிலவற்றில் ஆறு மாதமானாலும் கைக்கு வராது. அதைச் செய்து முடித்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள் என்றால் நீங்கள் ஏப்ரலிலேயே உண்மையான கேள்விக்குள் போய்விடலாம். இல்லை என்றால் அக்டோபரில் உங்கள் ஆய்வேடு, அந்த பாக்டீரியாவை உருவாக்க முயன்ற கதையாக மட்டும் நின்றுவிடக்கூடும். அந்த ஆய்வகத்தின் இப்போதைய மாணவர்களிடம், வழிகாட்டி இல்லாத நேரத்தில், ஒரு காபி குடித்துக்கொண்டே பேசிவிடுங்கள். அவர்கள் சொல்வதைவிட, சொல்லாமல் தயங்குவதைக் கவனியுங்கள்.

என் கேள்வி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் சாதாரண மக்களே அதை 'கோல்டன் ஸ்டாஃப்' என்பார்கள்; காலனி பொன்னிறமாக இருக்கும். மற்ற பல மருந்துகளுக்கு அது மசியாதபோது மருத்துவமனைகள் நம்புவது வாங்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை. சில வகைகள் அதற்கும் பாதி தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டன. அப்படி ஒரு வகையில் ஒரு குறிப்பிட்ட ஜீனை நீக்கினால், மருந்துக்கு அது பழையபடி பணியுமா? அவ்வளவுதான் கேள்வி. ஒரு வருடத்துக்கு இந்த அளவு போதும். இதைவிடப் பெரிதாக யாராவது கொடுத்தால் யோசியுங்கள்.

அதைச் சோதிக்கும் தட்டைக் கிட்டத்தில் காட்டுகிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, 8 வரிசை, வரிசைக்கு 12 குழி, மொத்தம் 96. முதல் குழியில் மில்லிலிட்டருக்கு 32 மைக்ரோகிராம் மருந்து, அடுத்ததில் அதில் பாதி, அடுத்ததில் அதிலும் பாதி என்று பத்துக் குழி. பதினோராவதில் மருந்து கிடையாது, கிருமி மட்டும். பன்னிரண்டாவதில் கிருமியும் கிடையாது, வெறும் வளர்ப்பூடகம். மில்லிலிட்டருக்கு 5 லட்சம் பாக்டீரியா இருக்கும்படி கலந்து, 35 டிகிரியில் வைத்து, வாங்கோமைசின் என்பதால் முழுதாக 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மறுநாள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் அடியிலிருந்து பார்த்தால், வளர்ந்த குழிகளின் அடியில் வெள்ளையாகச் சின்னப் பொட்டு படிந்திருக்கும். தெளிவாக இருக்கும் குழிகளில் மருந்து மிகக் குறைவாக உள்ளது எதுவோ அந்த அளவுதான் விடை. வாங்கோமைசினுக்கு 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருந்து கேட்கும் என்று பொருள்.

கடைசி இரண்டு குழிகள்தான் கன்ட்ரோல். பதினொன்று வளர்ந்தே ஆக வேண்டும். வளராவிட்டால் உங்கள் கிருமி முன்பே செத்துவிட்டது, மருந்து ஒன்றும் செய்யவில்லை. பன்னிரண்டு தெளிவாக இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இல்லாத நாளில் மற்ற பத்துக் குழிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றுக்கு மதிப்பு கிடையாது.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை பன்னிரண்டாவது குழிகள் எட்டும் கலங்கியிருந்தன. என் கைதான் சுத்தமில்லை என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடி கலங்கல். திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டை மாற்றினேன், கையுறையை மாற்றினேன், பாதுகாப்புப் பெட்டியை இரண்டு தடவை ஆல்கஹாலில் துடைத்தேன். பதினெட்டு நாள் போனது. கடைசியில் அருகிலிருந்த ஆய்வாளர் சொன்னபடி, நான் பயன்படுத்திய ஒவ்வொரு திரவத்திலும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனி அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் விட்டேன். மறுநாள் ஒரே ஒரு தட்டில் மட்டும் சாம்பல் நிறத்தில், விளிம்பு சுருங்கிய பெரிய காலனிகள். வளர்ப்பூடக பாட்டில். ஏற்கெனவே திறந்த பாட்டில் அது. மூடியைச் சுற்றி உலர்ந்த கோடு ஒன்று இருந்தது. அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன், கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் டிராமில் அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு, பிரச்சினை வந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. முதல் நாளே அப்படிச் செய்திருந்தால் இரண்டே நாளில் முடிந்திருக்கும்.

இன்னொரு விஷயத்தில் எல்லா மாணவர்களும் ஒரு தடவையாவது தடுக்கி விழுவார்கள். 'மூன்று தடவை செய்' என்று சொல்வார்கள். நான் ஒரே குடுவையில் வளர்த்த கிருமியை மூன்று வரிசையில் விட்டு, மூன்று தடவை செய்ததாக எழுதிக்கொண்டு போனேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, அது அந்தப் பானைக்குத்தான் பதம். ஒரே பானையிலிருந்து மூன்று பருக்கை எடுத்து நசுக்கினாலும் தெரிவது ஒரு பானையின் கதை. நாளைக்கு வேறு அடுப்பில், வேறு தண்ணீரில் வைக்கும் சோறு எப்படி வரும் என்று அறிய, மூன்று பானை வைத்தாக வேண்டும். அதாவது வேறு வேறு நாளில், வேறு வேறு காலனியிலிருந்து தொடங்கி மூன்று தடவை. ஒரே குடுவையின் மூன்று குழிகள் உங்கள் பிப்பெட் பிடிக்கும் கை எவ்வளவு நிதானம் என்று சொல்லும். பாக்டீரியாவைப் பற்றிச் சொல்லாது. ஒன்பது மாதத்தில் நான் கற்றவற்றில் இன்று வரை தினமும் பயன்படுவது இது.

ஆகஸ்டில் விடை வந்தது. மூல வகைக்கு 4, ஜீன் நீக்கிய வகைக்கு 2. குதித்துக்கொண்டு வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு குழி வித்தியாசம். இந்தச் சோதனையே ஒரு குழி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடும்" என்றார். உண்மைதான். ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் இந்த முறையின் இயல்பான ஊசலாட்டம். எனவே வேறு வழியில் கேட்க வேண்டியிருந்தது. மருந்தோடு வளரவிட்டு, மணிக்கொரு தடவை எடுத்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவது. குடுவையிலிருப்பதைப் பத்து பத்தாக நீர்த்துக்கொண்டே போய், அகாரில் பரப்பி, மறுநாள் காலனிகளை எண்ண வேண்டும். 30க்கும் 300க்கும் இடையில் இருக்கும் தட்டைத்தான் நம்பலாம். பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லிலிட்டர் பரப்பி 83 காலனி வந்தால், குடுவையில் மில்லிலிட்டருக்கு 83 கோடி. அடையாளப் பேனாவால் தட்டின் அடியில் புள்ளி வைத்து வைத்து எண்ணி, ஆகஸ்ட் முழுவதும் என் விரல் நீலமாக இருந்தது. மூன்று பானை வைத்த பிறகு இரண்டு வகைக்கும் வித்தியாசம் இல்லை. அந்த ஜீனுக்கு இதில் பெரிய பங்கு கிடையாது. அதுதான் என் ஆய்வேட்டின் முடிவு.

'இல்லை' என்ற விடைக்கு மதிப்பெண் குறையுமோ என்று பயந்தேன். குறையவில்லை. பொதுவாக வழிகாட்டி அல்லாத தேர்வாளர்கள்தான் ஆய்வேட்டைப் படிப்பார்கள். கேள்வியை ஏன் கேட்டாய், சோதனை அந்தக் கேள்விக்குப் பொருந்துகிறதா, தரவு சொல்வதற்கு மேல் ஏதாவது சொல்லிவிட்டாயா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு கருத்தரங்கு, கடைசியில் ஒன்று, பல இடங்களில் வாய்மொழித் தேர்வும் உண்டு. எழுத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். செய்முறைப் பகுதியை ஏப்ரலிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். எந்த வெப்பத்தில் வைத்தேன், எத்தனை நிமிடம் சுழற்றினேன் என்பதெல்லாம் அக்டோபரில் நினைவில் இருக்காது.

பல பல்கலைக்கழகங்களில் 80க்கு மேல் எடுத்தால் முதல் வகுப்பு. பிஎச்.டி.க்கு அரசு உதவித்தொகை தரும் ஆய்வுப் பயிற்சித் திட்டம் 2017இல் தொடங்கியது. அதில் போட்டி கடுமை என்பதால் நடைமுறையில் முதல் வகுப்பு இல்லாமல் கிடைப்பது அரிது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வேடு எழுதி எம்.எஸ்சி. முடித்திருந்தால் பெரும்பாலும் மறுபடி ஹானர்ஸ் செய்யத் தேவை இருக்காது. அந்தப் படிப்பில் ஆய்வுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்றுதான் கேட்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கு ஹானர்ஸ் ஆண்டுக்கு முழுக் கட்டணம் உண்டு. வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய தொகை அது. பகுதி நேர வேலையை நம்பி அதைச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்து குடுவையை எடுக்க வேண்டிய நாட்கள் வரும்.

எல்லோரும் இதற்குப் பின் பிஎச்.டி.க்குப் போவதில்லை. என்னோடு செய்த தோழி ஒருத்தி மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்துக்கும், இன்னொருவர் உணவுப் பாதுகாப்புக்கும் போனார்கள். ஆராய்ச்சி தனக்கு ஒத்துவராது என்று ஒரே வருடத்தில் தெரிந்துகொண்டதில் அவர்களுக்கு நிம்மதிதான்.

ஆய்வேட்டைக் கொடுத்த மறுநாளும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நான் வளர்த்த வகைகளைக் கிளிசரால் கலந்து சின்னக் குப்பிகளில் விட்டு, மைனஸ் 80 ஃப்ரீசருக்கு அனுப்புவது. ஒவ்வொரு குப்பியிலும் வகை எண், எந்த ஜீனை நீக்கியது, தேதி, என் பெயரின் முதல் எழுத்துகள். ஆய்வகப் பதிவேட்டில் எந்தப் பெட்டி, எந்த வரிசை, எந்தக் கட்டம் என்று எழுதினேன். பதிவேட்டின் முந்தைய பக்கத்தில், நான் ஏப்ரலில் எடுத்துப் பயன்படுத்திய வகைக்கு எதிரே, மூன்று வருடம் முன்பு ஹானர்ஸ் செய்துவிட்டுப் போன ஒரு மாணவியின் கையெழுத்து இருந்தது.